மேடையில் நின்று வகுப்பறையைக் கட்டியவர்
(பண்டித விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் வாழ்க்கை)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்



இயற்பியல் மாணவனுக்கு இசைக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கையோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுகிறேன். என் தங்கை நன்றாகப் பாடுவாள். பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டு வீட்டிலிருக்கிறாள். இசை படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மேடைப் பாடகியாவதற்குரிய படிப்பில் சேர்வதா, பள்ளியில் பாட்டாசிரியை ஆவதற்குரிய படிப்பில் சேர்வதா என்பதுதான் எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக நடக்கும் வழக்கு. பாட்டு வாத்தியார் வேலையென்றால் மாதச் சம்பளம் உண்டு என்பது அப்பாவின் கட்சி. மேடைக்குப் போகும் குரலை வகுப்பறையில் அடைக்கலாமா என்பது அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் கட்சி. வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இசையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நம் கல்லூரி நூலகத்தில் அடைக்கலம் புகுந்தேன். அங்கே எனக்குக் கிடைத்தவர்தான் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர்.

அவர் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அவர் மெட்டை நாம் எல்லோரும் பாடியிருக்கிறோம். அக்டோபர் 2-ஆம் நாள் பள்ளி மைதானத்தில் வரிசையில் நின்று 'ரகுபதி ராகவ' என்ற பஜனையைப் பாடாத மாணவன் தமிழகத்தில் உண்டா? இன்று நாடெங்கும் வழங்கும் அந்த மெட்டு அவர் வழியாகப் பரவியது என்பதே இசையுலகின் வழக்கு. அந்த ஒரு மெட்டைவிடப் பெரிய கொடை ஒன்றையும் அவர் நாட்டுக்கு அளித்திருக்கிறார். நம் நாட்டில் இசையைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, பாடத்திட்டத்தோடு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியவர்களுள் அவர் தலையாயவர்.

இளமையும் இருளும்

இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் தென்பகுதியில் குருந்த்வாட் என்றொரு சிற்றூர் உள்ளது. அந்நாளில் அது ஒரு சிறிய சமஸ்தானம். அங்கே 1872-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் விஷ்ணு பிறந்தார். தந்தை திகம்பர் பந்த் கீர்த்தனக்காரர். கோயிலிலும் திருவிழாவிலும் பாட்டும் கதையுமாகப் புராணம் சொல்வது அவர் தொழில். நம் ஊர்க் கதாகாலட்சேபத்தை நினைத்துக்கொண்டால் அது என்னவென்று விளங்கும். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் அவர்களோடு வந்த கீர்த்தன முறைதான் நம் காலட்சேபத்துக்கு உரமிட்டது. தந்தையின் பாட்டைக் கேட்டே பிள்ளை வளர்ந்தான். ஆனால் அவனைப் பாடகனாக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எவருக்கும் இல்லை. மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

அருகிலுள்ள நரசோபாவாடி என்ற தலத்தில் ஆண்டுதோறும் தத்த ஜெயந்தி விழா நடைபெறும். அவ்விழாவில் ஒரு முறை பட்டாசு ஒன்று சிறுவன் விஷ்ணுவின் முகத்தருகே வெடித்தது. இரு கண்களும் பழுதுபட்டன. அந்தச் சின்ன ஊரில் தக்க மருத்துவ வசதி இல்லை. பிறகு மிரஜ் நகருக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தார்கள். பார்வை முழுவதும் திரும்பவில்லை. எழுத்தைப் படிக்கவே திணறும் பையன் பள்ளிப் படிப்பை எப்படித் தொடர்வான்? படிப்பு அதோடு நின்றது.

கண்ணால் கற்க முடியாதவன் காதால் கற்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். இசை அவருடைய விருப்பப்பாடமாக வரவில்லை. வேறு வழி அடைபட்டதால் திறந்த வழியாக வந்தது. மிரஜ் நகரில் அப்போது பாலகிருஷ்ணபுவா இச்சல்கரஞ்சிகர் என்னும் பெரும் வித்துவான் இருந்தார். குவாலியர் பாணிக் கயால் இசையை மராட்டிய மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமை அவருக்கு உண்டு. மிரஜ் சமஸ்தானாதிபதியின் ஆதரவோடு விஷ்ணு அவரிடம் சீடராகச் சேர்ந்தார்.

குருகுலத்தில்

குருகுலவாசம் என்பதை நாம் இன்று பெருமையாகப் பேசுகிறோம். அதன் நிறையும் குறையும் இரண்டையும் அறிந்து பேச வேண்டும். நிறை என்னவெனில், சீடன் குருவின் மூச்சோடு மூச்சாக வாழ்ந்தான். விடியுமுன் எழுந்து தம்பூராவை மீட்டி ஒரே சுரத்தில் மணிக்கணக்காக நின்று பழகினான். ஒரு ராகத்தை மாதக்கணக்கில் பாடினான். குறை என்னவெனில், எப்போது என்ன பாடம் என்பது குருவின் மனநிலையைப் பொறுத்தது. புத்தகம் இல்லை, சுரக்குறிப்பு இல்லை, இத்தனை ஆண்டில் இதை முடிப்போம் என்ற கணக்கு இல்லை. சந்தேகம் கேட்பதே மரியாதைக் குறைவு. அரிய உருப்படிகளைத் தம் பிள்ளைக்கும் நெருங்கிய சீடருக்கும் மட்டும் சொல்லிக்கொடுத்து, மற்றவர்களிடம் மறைத்துவைத்த வித்துவான்கள் வடக்கே பலர். சொல்லாமல் போனவற்றுள் பல அவர்களோடு மறைந்தும் போயின.

விஷ்ணு இந்தப் பயிற்சியை 1896 வரை பெற்றார். கணீரென்ற குரல், கட்டுப்பாடான லயம், சபையைக் கட்டிப்போடும் தோற்றம் எல்லாம் அவருக்கு வாய்த்தன. சமஸ்தானத்தின் அன்பும் இருந்தது. அங்கேயே இருந்திருந்தால் அரண்மனை வித்துவானாகச் சால்வையும் சன்மானமும் பெற்றுச் சௌக்கியமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1896-இல் அவர் மிரஜ் நகரை விட்டு வெளியேறினார்.

இதற்குக் காரணமாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. ஊரில் நடந்த ஒரு பொதுக் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வந்ததாம். குருநாதருக்கு வரவில்லை. ஏன் என்று விசாரித்தபோது, அவர் வெறும் பாட்டுக்காரர்தானே என்ற பொருளில் பதில் கிடைத்ததாம். நாடறிந்த வித்துவானுக்கே அந்த நிலை. கச்சேரியின்போது தலையாட்டிவிட்டு, கச்சேரி முடிந்ததும் பாடியவனைத் திண்ணையில் உட்காரவைக்கும் சமூகம் அது. இசை உயர்ந்தது, இசைக்காரன் தாழ்ந்தவன் என்ற அந்த முரண்பாடு இளைஞர் மனத்தில் தைத்தது என்கிறார்கள். செய்தி எவ்வாறாயினும், அதற்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் செய்த காரியங்கள் எல்லாம் அந்த முரண்பாட்டை நேராக்கச் செய்தவையே.

அலைந்த ஆண்டுகள்

அடுத்த நான்கைந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். பரோடா, கத்தியவார், குவாலியர், மதுரா, டெல்லி எனப் பயணம் நீண்டது. அரண்மனைகளில் பாடிப் பரிசு பெற்றார். அதோடு நில்லாமல் அந்நாளில் புதுமையாகத் தோன்றிய ஒன்றையும் செய்தார். கட்டணச் சீட்டு விற்றுப் பொதுமக்களுக்குக் கச்சேரி செய்தார். வட இந்தியாவில் சாத்திரிய சங்கீதத்தை இவ்வாறு பொதுமேடைக்குக் கொண்டுவந்த முதல்வர்களுள் அவர் ஒருவர். மன்னரின் விருந்தினராக இல்லாத குமாஸ்தாவும் கடைக்காரரும் காசு கொடுத்து உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அரசன் ஒருவனை நம்பிப் பிழைக்காமல் ஆயிரம் பேரை நம்பிப் பிழைக்கலாம் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். மதுராவில் தங்கிப் பாடல்களின் மொழியாகிய விரஜ பாஷையையும் பயின்றார். பொருள் தெரியாமல் பாடுவது அவருக்கு உடன்பாடன்று.

இந்தக் கட்டத்தில்தான், நண்பர்களே, என் தங்கை நிற்கும் நாற்சந்தியில் அவரும் நின்றார் என்று நான் எண்ணுகிறேன். வயது இருபத்தெட்டு. குரல் முழு வலிமையில் இருக்கிறது. போகுமிடமெல்லாம் கூட்டம் கூடுகிறது. பாடிக்கொண்டே போயிருந்தால் புகழும் பொருளும் சேர்ந்திருக்கும். ஆனால் தாம் ஒருவர் பாடிப் பெறும் மதிப்பு தம்மோடு முடிந்துவிடும். இசைக்கு மதிப்பு வரவேண்டுமானால் இசை தெரிந்த குடும்பங்கள் நாடெங்கும் தோன்ற வேண்டும். அதற்குப் பள்ளி வேண்டும். பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர்களோ அப்போது நாட்டில் இல்லை. அவர்களையும் அவரேதான் உண்டாக்க வேண்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற சிந்தனை அவரை லாகூரில் கொண்டுபோய் நிறுத்தியது.

லாகூர்ப் பள்ளி

1901-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயம் தொடங்கப்பட்டது. சொந்த ஊரிலிருந்து வெகு தொலைவு. மொழி வேறு, பழக்கவழக்கம் வேறு. இதற்கு முன்பும் இசைப்பள்ளி இல்லாமல் இல்லை. பரோடாவில் மௌலா பக்ஷ் என்ற வித்துவான் 1886-இலேயே ஒரு பள்ளியை நடத்தினார். ஆனால் அது சமஸ்தானத்தின் பணத்தில் நடந்தது. பலுஸ்கரின் பள்ளி பொதுமக்கள் தரும் நன்கொடையையும் மாணவர் செலுத்தும் கட்டணத்தையும் நம்பி எழுந்தது. நம் நாட்டு இசைக்கல்வி வரலாற்றில் இது ஒரு திருப்பம்.

அந்தப் பள்ளியில் என்ன புதுமை என்று பார்ப்போம். மணி அடிக்கும். வகுப்பு தொடங்கும். இறைவணக்கத்துக்குப் பின் பாடம். முதலாண்டுக்கு இன்னின்ன ராகம், இன்னின்ன தாளம் என்று பாடத்திட்டம் உண்டு. தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. இன்று நமக்கு இவை சாதாரணமாகத் தோன்றும். அன்று பாட்டுக்கு மணி அடிப்பதா என்று நகைத்தவர்கள் இருந்திருப்பார்கள். பாடல்களை எழுதிவைக்கத் தாமே ஒரு சுரக்குறிப்பு முறையை அமைத்தார். படிப்படியாகப் பாடநூல்கள் எழுதி, சொந்த அச்சகத்தில் அச்சிட்டார். பார்வை மங்கியவர் பிறர் படிக்கப் புத்தகம் போட்டார் என்பதை எண்ணிப்பாருங்கள். கதவடைத்துச் சொல்லப்பட்ட இரகசியங்கள் சில அணா விலையில் கடைக்கு வந்தன.

பெண்களுக்கும் வகுப்பு நடந்தது. குடும்பப் பெண்கள் பாடுவதே இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. பெற்றோரின் அச்சத்தைப் போக்குவதற்காகப் பழைய பாடல்களிலிருந்த சிருங்காரச் சொற்களை நீக்கி, பக்திச் சொற்களை அமைத்துக் கற்பித்தார். பள்ளியில் ஒழுக்கம் கடுமையாக இருந்தது. பாட்டுக்காரன் என்றால் போதைக்காரன் என்ற ஏளனத்தை மாணவர் நடத்தையால்தான் துடைக்க முடியும் என்று அவர் நம்பினார்.

உபதேசக வகுப்பு

இனி நான் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி.

பலுஸ்கர் தம் பள்ளியில் இரண்டு வகை மாணவர்களை வைத்துக்கொண்டார். ஒரு வகையினர் மாலை வேளையில் கட்டணம் கட்டி வந்து தம் ஆசைக்காகக் கற்றுப் போகிறவர்கள். உத்தியோகம் பார்ப்பவர், வணிகர் வீட்டுப் பிள்ளைகள் போன்றோர் அவர்கள். மற்றொரு வகையினர் உபதேசக வகுப்பு மாணவர்கள். இவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். இவர்களுக்கு உணவு, உடை, இருப்பிடம், கல்வி யாவும் இலவசம். அதற்கு ஈடாக ஒன்பது ஆண்டுகள் அங்கேயே தங்கிக் கற்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும். கற்று முடித்தபின் நாடெங்கும் சென்று இசை போதிக்க வேண்டும்.

ஒன்பது ஆண்டு என்றதும் எனக்கு மலைப்பாக இருந்தது. நாம் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கே மூச்சுத் திணறுகிறோம். ஆனால் இதில் ஓர் ஆழ்ந்த கருத்து இருக்கிறது. ஆசிரியராகப் போகிறவனுக்குக் கொஞ்சம் தெரிந்தால் போதும், மேடைக்குப் போகிறவனுக்குத்தான் நிறையத் தெரிய வேண்டும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். பலுஸ்கர் அதைத் தலைகீழாக்கினார். பொழுதுபோக்காகக் கற்பவனுக்கு மாலை ஒரு மணி நேரம் போதும். கற்பிக்கப் போகிறவனுக்கோ ஒன்பது ஆண்டு இரவும் பகலும் வேண்டும். குருகுலத்தின் நீண்ட பயிற்சியை அவர் தூக்கியெறியவில்லை. அதனை ஆசிரியர் படிப்புக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். அந்த மாணவர்கள் காலையில் தாங்கள் கற்றார்கள், பிறகு இளைய வகுப்புகளுக்குக் கற்பித்தார்கள், குருநாதரோடு ஊர் ஊராகச் சென்று கச்சேரிகளில் உடன் பாடினார்கள்.

விளைவு என்ன? உபதேசகர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டவர்களிடமிருந்தே அந்தத் தலைமுறையின் சிறந்த மேடைப் பாடகர்கள் தோன்றினார்கள். வறுமையில் வளர்ந்த ஓம்கார்நாத் தாக்கூர் இருபது வயதளவில் லாகூர்ப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் நாடே வியந்த பாடகரானார். அவரே பிறகு காசி இந்து பல்கலைக்கழகத்தில் இசைத்துறைக்குத் தலைவராக அமர்ந்து கற்பித்தார். நாராயணராவ் வியாஸ் இசைத்தட்டுகளால் வீடுதோறும் அறியப்பட்டார். நாராயண் மோரேஷ்வர் கரே என்ற சீடர் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்று காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டங்களுக்கு இசை அமைத்துக் கொடுத்தார். 1930-இல் தண்டி யாத்திரையில் நடந்த தொண்டர்களுள் அவரும் ஒருவர்.

விநாயகராவ் பட்வர்த்தனின் கதை இன்னும் சுவையானது. அவர் பால கந்தர்வரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து சுமார் பத்தாண்டு பாடி நடித்தார். மராட்டிய நாட்டில் அதைவிடப் பெரிய மேடை அப்போது இல்லை. கைதட்டலும் ஊதியமும் நிறைய. ஆயினும் 1932-இல் அதை விட்டுவிட்டுப் பூனாவில் ஒரு காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கி வகுப்பறைக்குத் திரும்பினார். விதைத்தவர் அப்போது உயிரோடு இல்லை. விதை முளைத்தது.

மற்றொரு சீடர் பி.ஆர். தேவதர். அவர் மேடையில் பெரிய பாடகர் என்று பெயரெடுத்தவர் அல்லர். 1925-இல் பம்பாயில் ஒரு பள்ளி தொடங்கி ஆசிரியராகவே வாழ்ந்தார். பிற்காலத்தில் குமார் கந்தர்வர் என்று உலகம் போற்றிய மேதை, சிறுவனாக அந்தப் பள்ளிக்கு வந்துதான் பயின்றார். ஆசிரியர் சிறியவர், பாடகர் பெரியவர் என்று யார் தராசு பிடிப்பது?

கடனும் ஏலமும்

1908-இல் பலுஸ்கர் பம்பாயில் பள்ளியைத் தொடங்கித் தம் பணியை அங்கே மாற்றிக்கொண்டார். மாணவர் பெருகினர். வாடகைக் கட்டடம் போதவில்லை. கடன் வாங்கிச் சொந்தக் கட்டடமும் விடுதியும் எழுப்பினார். நூற்றுக்கணக்கான வயிறுகளுக்குச் சோறு போட வேண்டும், வட்டி கட்ட வேண்டும். இதற்கெல்லாம் வருவாய் எங்கே? அவருடைய தொண்டைதான்! ஊர் ஊராகக் கச்சேரி செய்து, கிடைத்த பணத்தைப் பள்ளிக்கு அனுப்பினார். மேடையை அவர் கைவிட்டுவிடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மேடை சம்பாதித்தது, வகுப்பறை செலவழித்தது.

ஆனால் ஒரு மனிதனின் குரலால் ஒரு நிறுவனத்தை எத்தனை நாள் தாங்க முடியும்? 1920-களில் கடன் கழுத்தை நெரித்தது. கடன்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஆசையோடு கட்டிய கட்டடம் ஏலத்துக்குப் போயிற்று. அப்போது அவர் மனம் பெரிதும் பக்தியின் பக்கம் சாய்ந்திருந்தது. காவி உடுத்தி, நாசிக் நகரில் 1922-இல் அமைத்த இராமநாம ஆசிரமத்தில் இராமாயணப் பிரவசனமும் பஜனையுமாக வாழ்ந்தார். காங்கிரஸ் மாநாடுகளில் வந்தே மாதரம் பாடும் பணியையும் தம் கடமையாகக் கொண்டிருந்தார்.

அவர் செய்தவை அனைத்தும் குறையற்றவை என்று நான் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும். வகுப்பில் இருபது பேரை உட்காரவைத்து ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தால் இசையின் நுட்பம் நீர்த்துப்போகும் என்று அன்றே குறை கூறியவர்கள் உண்டு. அவருடைய பள்ளியின் பக்தி மணமும் பிரார்த்தனை முறையும் இந்துச் சூழலைச் சார்ந்தவை. தலைமுறை தலைமுறையாக இந்த இசையைக் காத்துவந்த முஸ்லிம் உஸ்தாதுகளுக்கு அங்கே தக்க இடம் கிடைக்கவில்லை என்ற குறையை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர் காலத்தவரான பாத்கண்டே இராக இலக்கணத்தை ஆராய்ந்து நூலாக்கிய அளவுக்குப் பலுஸ்கர் இசையியல் ஆய்வில் இறங்கவுமில்லை. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் எஞ்சி நிற்பது சிறியதன்று.

அவர் நோக்கத்தைப் பற்றி வழங்கும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. தம் பள்ளி தான்சேன்களை உருவாக்காவிட்டாலும் கான்சேன்களை உருவாக்கும் என்பது அவர் கருத்து என்பார்கள். தான்சேன் அக்பர் அவையின் இசை மேதை. இந்தியில் கான் என்றால் காது. அதாவது நல்ல செவி படைத்த இரசிகர்களை உண்டாக்குவது என்பது பொருள். நம் மொழியில் கேள்விஞானம் என்ற அருமையான சொல் இருக்கிறதே, அதுதான் இது. பாடுகிறவர் நூறு பேர் இருந்து கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையென்றால் இசை எங்கே நிற்கும்?

தந்தையும் மகனும்

1931-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள், தாம் இசை பயின்ற அதே மிரஜ் நகரில் பலுஸ்கர் காலமானார். ஐம்பத்தொன்பது வயது நிறைந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கையில் பொருளில்லை. கட்டடம் இல்லை.

அவருக்குப் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளில் பிழைத்திருந்தவர் ஒருவரே. 1921-இல் பிறந்த தத்தாத்ரேயன் என்ற அந்த மகனுக்கு அப்போது வயது பத்து. தந்தையிடம் தொடக்கப் பாடம் கேட்டதோடு சரி. பழைய குருகுல முறையாக இருந்திருந்தால் தந்தையின் வித்தை அந்தச் சிதையிலேயே எரிந்து முடிந்திருக்கும். எத்தனையோ வித்துவான் வீடுகளில் அப்படித்தான் முடிந்தது. ஆனால் இங்கே என்ன நடந்தது? தந்தை எவரெவருக்கு ஒளிக்காமல் அள்ளிக் கொடுத்தாரோ, அந்த மாணவர்கள் மகனை அழைத்து உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். விநாயகராவ் பட்வர்த்தனும் நாராயணராவ் வியாஸும் குருநாதரிடம் பெற்றதை குருநாதரின் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வட்டியும் முதலுமாகத் திரும்பிவந்த ஒரே கடன் அது ஒன்றுதான்!

அந்தப் பிள்ளைதான் டி.வி. பலுஸ்கர். பதினான்காம் வயதில் ஜலந்தர் இசைவிழா மேடையில் பாடினார். தந்தையின் கம்பீரத்துக்குப் பதிலாகத் தேன் போன்ற இனிமை. 1952-இல் வெளிவந்த 'பைஜு பாவ்ரா' திரைப்படத்தில் அமீர்கானோடு சேர்ந்து பாடினார். 1955-இல் முப்பத்து நான்காம் வயதில் மூளைக் காய்ச்சலால் மறைந்தார். அவருடைய இசைத்தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. நானும் கேட்டேன். இராகத்தின் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரல் அங்கே வந்து சேர்ந்த வழி எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கண் கலங்கியது.

பலுஸ்கர் மறைந்த 1931-ஆம் ஆண்டிலேயே சீடர்கள் ஒன்றுகூடி அகில பாரதிய காந்தர்வ மகாவித்யாலய மண்டலத்தை நிறுவினார்கள். அதன் இசைத் தேர்வுகளை இன்றும் ஆண்டுதோறும் பல மாநில மாணவர்கள் எழுதுகிறார்கள். அதே 1931-இல் நம் சென்னையில் மியூசிக் அகாடமியும் இசையாசிரியர்களுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கியது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். ஏலம் போன கட்டடம் போனதுதான். லாகூரும் 1947-இல் வேறு நாடாகிவிட்டது. ஆனால் நிறுவனம் கட்டடத்தில் இல்லை என்பது விளங்கிவிட்டது. 1973-இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

முடிவாக

விடுமுறையில் ஊருக்குப் போனபோது நான் எடுத்த குறிப்புகளைத் தங்கையிடம் கொடுத்தேன். ஆசிரியர் படிப்பே மேல் என்று சொல்லிவிடலாம் என்பதுதான் என் மனத்திலிருந்த தீர்ப்பு. அதில் எனக்கும் ஒரு சொந்தக் காரணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலிருந்து நான் இந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன் என்றால் அதற்கு என் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரே காரணம். கட்டணம் கட்டக் கடைசி நாளன்று அவர்தான் என்னோடு பேருந்தில் வந்தார். ஆசிரியர் வேலை எதற்கும் இரண்டாவது இல்லை என்று எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தங்கை குறிப்புகளை இரண்டு நாள் படித்தாள். பிறகு நான் எண்ணிப்பாராத ஒரு கேள்வியைக் கேட்டாள். பலுஸ்கர் மிரஜ் நகரில் அத்தனை ஆண்டு பாடிப் பழகாமல், மண்டபம் நிறையக் கூட்டத்தைக் கூட்டத் தெரியாமல், நேராக லாகூரில் போய்ப் பள்ளிக்கூடப் பலகையை மாட்டியிருந்தால் யாராவது வந்து சேர்ந்திருப்பார்களா என்றாள். வந்திருக்க மாட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் வகுப்பறையைக் கட்டியது மேடையின் மேல் நின்றுதான். உபதேசகனுக்கு ஒன்பது ஆண்டு என்று விதித்ததும் அதனால்தான். பாடத் தெரியாதவன் பாட்டைக் கற்பிக்க முடியாது. கற்பிக்க மனமில்லாதவனின் பாட்டு அவனோடு முடிந்துபோகும்.

முதலில் பாடுவதற்கான மூன்றாண்டுப் படிப்பு, அதை முடித்தபின் ஓராண்டு ஆசிரியர் பயிற்சி என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். ஆக நான்கு ஆண்டு. ஒன்பதுக்கு இது குறைவுதானே என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். நான்கு ஆண்டுச் செலவை நினைத்து அவர் இன்னும் தலையசைக்கவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தைப் பரணில் தூக்கிப் போடாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு நான் படிப்பை முடித்து வேலைக்குப் போனால் மீதிச் சுமையை நான் ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மாணவ நண்பர்களே! பட்டம் பெற்றபின் நாம் ஒவ்வொருவரும் இப்படி ஒரு நாற்சந்தியில் நிற்கப்போகிறோம். நான் கற்றதைக் கொண்டு நான் உயர்வதா, நான் கற்றதைப் பிறருக்குக் கொடுப்பதா என்ற கேள்வி நம் எதிரே வரும். முழுமையாகக் கற்றவனுக்கு இவை இரண்டு வழிகளல்ல, ஒரே வழியின் முன்பாதியும் பின்பாதியுமே என்பதை, கண்ணொளி மங்கிய அந்தப் பாடகர் வாழ்ந்து காட்டிச் சென்றிருக்கிறார். அவர் நினைவு வாழ்க!